யாரும் பதில் போடாதீர்கள்!

போன வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து சோற்றில் கை வைத்த நேரம். முன் அறையிலிருந்து ராத்தா போட்ட சத்தத்தில், பக்கத்து வீட்டு மனிதர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தொறந்திட்டு தம்பி! ஓடி வா... தொறந்திட்டு!"

சோற்றுக் கையோடு ஓடினேன். ஓடத்தானே வேண்டும்? அது மூடிப்போனதே என்னால்தான்.

ராத்தா, என் மூத்த சகோதரி, ரமீஸா டீச்சர். சாய்ந்தமருதில் ஒரு பாடசாலையின் விசேட கல்விப் பிரிவைப் பார்க்கிறார். பதினொரு பிள்ளைகள். அதில் ஆறு பேருக்குப் பேச்சு வராது. பேச்சு வராதென்றால் சொல்வதற்கு எதுவும் இல்லையென்று அர்த்தமா? ராத்தா ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போய்ப் படம் எடுத்தார். பிள்ளை தண்ணீர் குடிக்கிற கோப்பை, அதன் உம்மா, அதன் செருப்பு, அது படுக்கிற பாய் என்று ஒன்று விடாமல். அட்டையாக அச்சடித்துக் கையில் கொடுத்தார். தாகமா? கோப்பையைத் தொட்டுக் காட்டும். களைப்பா? பாயைக் காட்டும். மூன்று வருட உழைப்பு. அந்தப் படங்கள்தான் அந்தப் பிள்ளைகளுக்கு வாய்.

தவணை முடிவில் கிழிந்த அட்டைகளையெல்லாம் வீசிவிட்டார். லீவில் புதிதாக அச்சடிப்பதாகத் திட்டம். படங்கள்தான் லெப்டொப்பில் பத்திரமாக இருக்கின்றனவே!

இந்த இடத்தில்தான் அடியேன் உள்ளே வருகிறேன். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் வீரதீரம் ஓரளவு தெரியும்.

"படத்துக்குப் பின்னால கிடக்கிற சாமானெல்லாம் வெட்டுறதுக்கு ஒரு சொஃப்ட்வெயார் வேணும் தம்பி. வாங்கவா?"

"என்னத்துக்கு ராத்தா வாங்குற? நான் போட்டுத் தாறன்."

கூட்டாளி ஒருவனின் பென்ட்ரைவில் இருந்தது. கிரேக் பண்ணியது — அதாவது, திருட்டுப் பிரதி. அதோடு வந்த குறிப்பில் முதல் வரியே, 'உங்கள் அன்டிவைரஸை நிறுத்திவிடுங்கள்' என்பதுதான். காவல்காரனை அனுப்பிவிட்டு வா என்று ஒருவன் சொன்னால் அவன் யார்? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. நிறுத்தினேன்.

அது அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை. அன்று காலையிலிருந்து எங்கள் ரோட்டில் நெட் வேறு இல்லை. அதற்கும் திட்டிக்கொண்டேதான் போட்டேன்.

அரை மணித்தியாலத்தில் எல்லா ஃபைல்களின் பெயருக்கும் பின்னால் ஒரு வால் முளைத்துவிட்டது. ஒன்றும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரே கடிதம்: 'உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம். பணம் கட்டினால் சாவி தருவோம்.'

"என்ன தம்பி இது?" என்று ராத்தா கேட்டபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முந்தி வந்த ஏதோ ஈமெயிலால இரிக்கும் ராத்தா." பச்சைப் பொய். நாக்கு கூசவில்லை.

படங்களைத் திரும்ப எடுத்தால் போச்சு என்பீர்கள். நானும் அதையேதான் சொன்னேன்.

"ஸஹ்ராட வாப்பாவ எங்க போய் எடுக்கிற?" என்றார் ராத்தா.

ஸஹ்ராவுக்கு எட்டு வயது. வாப்பா கடலுக்குப் போகிறவர். போன வருடம் மவுத்தாகிவிட்டார்; இனி யாரைப் படம் எடுப்பது? காலையில் வகுப்புக்கு வந்ததும் வாப்பாவின் படத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் அந்தப் பிள்ளை உட்காரும். அந்த அட்டையும் கிழிந்த அட்டைகளோடு போய்விட்டது. வேறு பிரதி எங்கேயும் இல்லை. திங்கட்கிழமை விட்டு அடுத்த திங்கட்கிழமை பாடசாலை தொடங்குகிறது.

கல்முனையில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கும் நானா, அண்ணன் மாதிரி ஒருவர், பார்த்தார். "ஃபோர்மட் அடிச்சாச் சரி" என்றார். எங்கள் ஊரில் கம்பியூட்டர் மெதுவாக ஓடினாலும் ஃபோர்மட், இரைந்தாலும் ஃபோர்மட். அழித்துவிட்டு ஆரம்பிக்கச் சொல்கிற வைத்தியம்!

அப்போதுதான் தேடித் தேடி அந்த ஃபோரத்தைக் கண்டுபிடித்தேன். உலகத்தின் மூலை முடுக்குகளில் இருக்கிற ஆட்கள், தங்கள் வேலை வெட்டி முடிந்த நேரத்தில், சம்பளம் இல்லாமல் முன்பின் தெரியாதவர்களின் கம்பியூட்டர்களுக்கு வைத்தியம் பார்க்கும் இணையத்தளம். பிரச்சினையை எழுதிப் போட வேண்டும். ஒருவர் வந்து பொறுப்பெடுப்பார். முதலில் விதிகளைப் படிக்கச் சொல்லியிருந்தார்கள். நான்தான் படித்தவனாயிற்றே... படிக்காமலே எழுதினேன். ஸலாம் சொல்லி, சுகம் விசாரித்து, ராத்தாவின் சேவையைப் புகழ்ந்து, கடைசியில் பிரச்சினை. மாதிரிக்குப் பூட்டிய ஃபைல் ஒன்றையும் அந்தக் கடிதத்தையும் இணைத்தேன். அதையாவது ஒழுங்காகச் செய்தேன்.

ஒரு நாள் போனது. பதில் இல்லை.

நம் ஆட்களுக்குப் பொறுக்குமா? கட்டாரிலிருந்து மச்சான் ஒரு கணக்குத் திறந்து, 'இந்தச் சகோதரிக்கு உதவுங்கள், நல்ல டீச்சர்' என்று அடியில் எழுதினார். ராத்தாவோடு படிப்பிக்கும் பாண்டிருப்பு ஜெயந்தி டீச்சர், 'நானும் பிள்ளையாரிட்ட நேந்திருக்கன் ரமீஸா, ஃபோரத்திலயும் எழுதிட்டன்' என்று ஃபோன் எடுத்துச் சொன்னார். மருமகன்மார் இருவர் இறைவனை வேண்டி துஆ எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் நான் நன்றி சொல்லிப் பதில் போட்டேன். நோயாளியைப் பார்க்க ஆஸ்பத்திரி வார்டு நிறைய ஆட்களைக் கூட்டுவோமே, அதே கூட்டம்தான்.

மூன்று நாள். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

"இவங்களுக்கு மனசு இல்லையா தம்பி?" என்றார் ராத்தா. நான் வெள்ளைக்காரனின் மனசைப் பற்றி ஒரு சொற்பொழிவே நடத்தினேன்.

புதன்கிழமை சுபஹுத் தொழுகைக்கு எழும்பிப் பார்த்தால் ஃபோரத்தை நிர்வகிப்பவர் எழுதியிருக்கிறார்: 'உங்கள் பதிவின் கீழே எட்டுப் பதில்கள் இருக்கின்றன. அதனால் யாரோ ஏற்கெனவே உங்களைக் கவனிக்கிறார்கள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துவிட்டோம். நாங்கள் தேடுவது ஒரு பதிலும் இல்லாத பதிவுகளை. நான்காவது விதியைப் பார்க்கவும்.'

பார்த்தேன். சிவப்பு எழுத்தில், தடித்த எழுத்தில் இருந்தது. 'காத்திருக்கும்போது உங்கள் பதிவுக்கு நீங்களும் பதில் போடாதீர்கள், யாரும் பதில் போடாதீர்கள்.'

நமக்குக் கூடுவதுதான் உதவி. அங்கே விலகி நிற்பதுதான் உதவி. யாரும் இல்லாதவன் யாரென்று பார்த்து, அவனிடம் முதலில் போகிறார்கள். இப்படி ஒரு ஒழுங்கை வைத்திருக்கிறவர்களுக்கா மனசு இல்லை? என் சொற்பொழிவை நான் அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

எட்டுப் பதில்களையும் அவரே அழித்துவிட்டார். வியாழக்கிழமை ஓர் ஆள் வந்தார். ஆணா, பெண்ணா, எந்த நாடு... எதுவும் தெரியாது. ஒரு நோயாளிக்கு ஒரு வைத்தியர் மட்டும் என்பது அங்கே கண்டிப்பு. நான் சொல்லாத எதையும் செய்யாதே, ஃபோர்மட் பண்ணாதே, பணம் கட்டாதே என்று தொடங்கி, அடுத்ததாக ஒரு கேள்வி:

'கிரேக் பண்ணிய சொஃப்ட்வெயார் ஏதும் போட்டீர்களா? நான் பொலிஸ் இல்லை. ஆனால் உண்மை தெரியாமல் உங்களுக்கு உதவ முடியாது.'

ராத்தா என் பக்கத்தில் இருந்து வாசித்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்னைவிட நன்றாக ஆங்கிலம் தெரியும்.

'ஆம்' என்று அடித்தேன்.

"ஆறு நாளா எனக்குப் பொய்யா தம்பி சொன்ன?"

எனக்கு வெட்கமென்றால் அப்படியொரு வெட்கம். ராத்தா லெப்டொப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதன்பிறகு எல்லாவற்றையும் அவரே செய்தார். சொன்னது சொன்னபடி செய்து, கேட்டதற்கு மட்டும் பதில் எழுதினார். கிரேக்கை அழித்தார். ஒளிந்திருந்த வைரஸைத் துப்பரவாக்கினார். பூட்டிய ஃபைல்களை வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்தார்.

அன்று பின்னேரம் அந்த ஆள் எழுதினார்: 'உங்கள் ஃபைல்கள் பூட்டப்படும்போது இன்டர்நெட் இணைப்பு இருக்கவில்லை போலும். இருந்திருந்தால் உங்களுக்கென்றே தனிச் சாவி போட்டிருப்பார்கள். இணைப்பு இல்லாததால் எல்லோருக்கும் ஒன்றேயான பொதுச் சாவியால்தான் பூட்டியிருக்கிறார்கள். அந்தச் சாவியை எங்கள் ஆட்கள் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். இந்தக் கருவியை ஓட்டிப் பாருங்கள்.'

வாயாரத் திட்டிய நெட் கம்பனிக்கு அன்று முதல் தடவையாக துஆச் செய்தேன்!

ஓடியது, ஓடியது... வெள்ளி பகல் வரை ஓடியது. நான் சோற்றுக் கையோடு போய்ச் சேர்ந்தபோது திரையில் ஒரு படம் திறந்திருந்தது. வள்ளத்தில் சாய்ந்துகொண்டு, கண் கூசச் சிரிக்கிற ஒரு மனிதர். ஸஹ்ராவின் வாப்பா.

ராத்தா அழுதுகொண்டே சிரித்தார். நானும் அழுதேன், சொல்வதில் என்ன வெட்கம்? உம்மா குசினியில் அடுப்பை விட்டுவிட்டு வந்து, "யாருக்கு என்ன மனே?" என்றார். "ஒண்டுமில்ல உம்மா, வெண்டிட்டம்!" என்றேன். ஒரு படம்கூட விடுபடவில்லை. எல்லாம் வந்துவிட்டன.

'உங்களுக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்?' என்று ராத்தா எழுதிக் கேட்டார். 'விதிகளைப் படியுங்கள், இரண்டு பிரதி வைத்திருங்கள்' என்று பதில் வந்தது. அடுத்த நிமிடம் எங்கள் பதிவைப் பூட்டிவிட்டு, பதில் இல்லாத வேறு யாரையோ தேடிப் போய்விட்டார். வட்டிலப்பம் செய்து அனுப்ப முகவரி கேட்கலாமென்றிருந்த உம்மாவுக்குத்தான் பெரிய ஏமாற்றம்.

ராத்தா சும்மா விடுவாரா? அவருடைய அட்டைகளில் 'உதவி' என்ற சொல்லுக்கு மட்டும் இதுவரை படம் இருக்கவில்லை. அதை எப்படிப் படம் எடுப்பது? இப்போது எடுத்துவிட்டார். அந்த ஆளுக்கு முகம் இல்லை, ஃபோரத்தில் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது ஒரு ஆட்டின் படம் — மூக்குக்கண்ணாடி போட்ட ஆடு. அதுவே 'உதவி' அட்டையாகிவிட்டது.

திங்கட்கிழமை ஸஹ்ரா முதலில் வாப்பாவைத் தொட்டுக் காட்டினாளாம். பிறகு தண்ணீர்ப் போத்தலின் மூடியோடு மல்லுக்கட்டினாள். அது வரவில்லை. அன்று காலைதான் ராத்தா சொல்லிக்கொடுத்த புது அட்டையை எடுத்து நீட்டினாள். மேற்பார்வைக்கு வந்த பாடசாலை அதிபர், "என்ன டீச்சர், புள்ள ஆடு கேக்குதா?" என்றாராம்.

"இல்ல சேர்," என்றார் ராத்தா, மூடியைத் திறந்துகொண்டே. "ஆள் கேக்குது."