அப்பாவின் மரக்கறியும் என் வயிறும்

அப்பாவை வழியனுப்ப வந்து, முப்பத்தோராம் நாளாகிய இன்று மதிய போசனத்துக்கும் வந்திருக்கும் உறவுகளே, ஊரவர்களே! அப்பாவைப் பற்றி எழுதும்படி அம்மா கேட்டபோது, நல்லவர் வல்லவர் என்று அடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவரோடு அதிகம் சண்டை பிடித்தவள் நான். அதையே எழுதுகிறேன்.

அப்பா வடமராட்சியில் பிறந்தார். இரணைமடுக் குளத்தின் கீழ் அவருடைய தகப்பனாருக்குக் காணி கிடைத்தபோது கைக்குழந்தையாக இங்கு வந்தார். இங்கேயே வயல் செய்தார், இடம்பெயர்ந்தார், திரும்பி வந்து பற்றை வெட்டி மறுபடியும் விதைத்தார். அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எங்கள் குசினியில் நடந்ததுதான் தெரியாது.

பதின்மூன்று வயதில் எனக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. நிற்கவேயில்லை. கோதுமை என் குடலுக்கு ஆகாது, ஒரு துகள் மாவும் படக்கூடாது என்று வவுனியாவில் வைத்தியர் சொன்னார். பாண், ரொட்டி, ரோல்ஸ் எல்லாம் போயிற்று. மிச்சம் சோறும் மரக்கறியும். நானோ மரக்கறியைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறவள். அம்மா பூநகரியில் ஆசிரியை; விடிகாலை பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை. ஆகவே அப்பாதான் வயலால் வந்து அடுப்படியில் நின்றார்.

முதல் நாள் வைத்த முருங்கையிலை வறையை, "மாட்டுக்குப் போடுங்கோ" என்று தள்ளிவிட்டேன். அப்பா கோபிக்கவில்லை. மறுநாள் பாவற்காயை மெல்லிதாகச் சீவிப் பொரித்து, வெங்காயமும் தேங்காய்ப்பூவும் தேசிப்புளியும் சேர்த்துப் பிசைந்து தந்தார். பிறகு கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பிரட்டல். எல்லாவற்றுக்கும் கடைசியில் பெருங்காயத்தூள் போட்டுத் தாளித்துக் கொட்டுவார். அந்த வாசத்துக்கே பசிக்கும். சட்டியை வழித்துச் சாப்பிட்டேன்.

ஆனால் சாப்பிடச் சாப்பிட மெலிந்தேன். இப்படியே போனால் பிள்ளை தாங்காது என்றார் வைத்தியர். அப்பாவின் சந்தேகம் என் மீது திரும்பியது.

"பள்ளிக்கூடத்தில ரோல்ஸ் வாங்கித் திண்டனியோ?"

"இல்லையப்பா."

"பொய் சொல்லாத. என்னத்தையோ களவாத் தின்னுறாய்."

புத்தகப் பையைக் கொட்டிப் பார்த்தார். இடைவேளைக்குப் பள்ளிக்கூட வாசலில் சைக்கிளோடு வந்து நின்றார். சிநேகிதிகள் பார்க்க எனக்கு வெட்கத்தில் உயிர் போயிற்று. அவர் கையால் இனி ஒன்றும் உண்பதில்லை என்று இரண்டு நாள் பட்டினி கிடந்தேன். எழும்பினால் தலை சுற்றியது. அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று அழுதார்.

அடுத்த கிளினிக்குக்குச் சமையல் சாமான் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார்கள். அப்பா ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். வைத்தியர் ஒவ்வொன்றின் லேபிளையும் திருப்பி வாசித்தார். பெருங்காயத்தூள் பேணியில் கை நின்றது. அதில் கோதுமை மா கலந்திருந்தது.

திரும்பி வந்த பஸ் ஓமந்தையைத் தாண்டியது. அப்பா சொன்னார்: "வேலியே பயிரை மேஞ்ச கதையாப் போச்சு. நானெல்லோ பிள்ளை உனக்கு நஞ்சு வைச்சனான். உன்னைப் போய்க் கள்ளி எண்டிட்டன்." சனம் நிறைந்த பஸ்ஸில் விம்மி விம்மி அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அதன்பின் உள்ளியும் சீரகமும் வீட்டிலேயே வறுத்து இடித்தார். பாண் எங்கள் படி ஏறவேயில்லை. "எனக்கு உந்தப் பாண் பிடிக்கிறேல்லை" என்று அவரும் என்னோடு சோறே சாப்பிட்டார். நான் தேறினேன். படித்தேன். இன்று நானும் ஆசிரியை.

சென்ற மாதம் வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர், அன்றே எங்களை விட்டுப் போனார். எட்டாம் நாள் 'செலவு'ப் படையலுக்கு, போனவர் விரும்பிச் சாப்பிட்டதைச் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். பாவற்காய்ச் சம்பலா? அது எனக்குப் பிடித்தது. பால்கறியா? அதுவும் எனக்குப் பிடித்தது. அப்பாவுக்கு எது? அம்மாவைப் பார்த்தேன். "எங்களோட சோறுதானே சாப்பிட்டவர்" என்றார் அம்மா.

அப்போது வயற்கரைத் தேநீர்க்கடை மாமா, பேப்பரில் சுற்றிய சூடான பாணோடு படலையைத் திறந்து வந்தார்.

"பிள்ளை, கொப்பருக்குப் பாணெண்டால் உயிர். கிழமைக்கு ஒருக்கா என்ர கடையில சம்பலோட சாப்பிடுவார். பிறகு சவுக்காரம் போட்டுக் கைகழுவி, வாய் கொப்பளிச்சு, போட்டிருக்கிற சேட்டையும் உதறிப்போட்டுத்தான் வீட்ட வெளிக்கிடுவார். 'துகள் ஒண்டும் பிள்ளையிட்டப் போகப்படாது' எண்டுவார்."

அந்தப் பாணை என் கையாலேயே பிய்த்து அப்பாவின் இலையில் வைத்தேன். ஐயோ அப்பா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா!

வைத்தியசாலைக்கு எங்களோடு கூட ஓடியவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தேநீர்க்கடை மாமாவுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்!

இன்றைய பந்தியில் மரக்கறிகளோடு பாணும் இருக்கிறது. எனக்காக யாரும் தயங்க வேண்டாம். அப்பாவுக்காக வயிறாரச் சாப்பிடுங்கள்.

மகள்