கடிகாரம் கத்தினால் நடை

என் மனைவி தையல் ஆலையில் கட்டிங் மாஸ்டர். எண்பது அடுக்குத் துணியை ஒரே மூச்சில் வெட்டுவாள், கை நடுங்காது. வருடத்துக்கு இரண்டு முறை நூறு கிலோமீட்டர் பந்தயம் ஓடுவாள். பஸ்ஸில் ஏறும்போதுகூட யாரும் அவளை முந்திவிடக் கூடாது. அப்படி ஒரு பிறவி.

போன வருடம் ஒரு பந்தயம் முடிந்த மூன்றாம் நாள், வெட்டு மேசை முன்னாலேயே அவள் நெஞ்சு தாறுமாறாக அடித்தது. “தூக்கம் பத்தல, அவ்ளோதான்” என்று சமாளித்தாள். நான் விடவில்லை. இதய டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: “மணிக்கணக்கா விடாம ஓடினதுல இதயத்தோட வலது பக்கம் விரிஞ்சிருக்கு. ஓய்வெடுத்தா பெரும்பாலும் சரியாயிடும். மூணு மாசம் ஓடாதீங்க. அப்பவும் சுருங்கலைன்னா பந்தயத்தை மறந்துடுங்க.”

எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். அவள் ஷூவைப் பரணில் போட்டு, ஏணியை ஒளித்து வைத்தேன். மூன்று மாதமும் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மறு ஸ்கேனில் இதயம் பழைய அளவுக்கு வந்திருந்தது! டாக்டர் ஒரே நிபந்தனை போட்டார்: துடிப்பு நூற்று நாற்பதைத் தாண்டினால் நடக்க வேண்டும். கைக்கடிகாரத்தில் அதற்கொரு அலாரம் வைத்தோம். ஒளித்து வைத்த ஏணியை நானே வெளியே எடுத்தேன்.

ஆறு மாதம் பழகிவிட்டு மறுபடி பந்தயம். விடிகாலை நாலுக்குத் தொடக்கம், மாலை ஆறுக்குள் முடிக்க வேண்டும். மேடு வந்தால் கடிகாரம் கத்தும், அவள் நடப்பாள். தொப்பைக்காரர்கள்கூட அவளை முந்திப் போனார்களாம்.

ஆறு மணிக்கு இரண்டே நிமிடம் இருக்கும்போது திருப்பத்தில் அவள் தலை தெரிந்தது. நான் காத்து நின்ற முடிவுக் கோட்டுக்கு இன்னும் நூற்றைம்பது மீட்டர். அந்த நேரம் பார்த்துக் கடிகாரம் கத்தியது. அவள் நடக்க ஆரம்பித்தாள்.

ஓடாதே, ஓடாதே என்று அவள் உயிரை எடுத்தவன் நான். வேலியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினேன்: “ஓடு! ஓடிடும்மா! நேரம் போகுது!”

கிட்டே வந்ததும் அவள் முறைத்தாள். மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். “சும்மா இருங்க! இது கத்துறது காதுல விழலையா?”

நடந்தே கோட்டைத் தாண்டினாள். ஒன்பது விநாடி மிச்சம். கடைசி ஆள் அவள்தான், ஆனால் முதலில் வந்தவனுக்குக்கூடக் கூட்டம் அப்படிக் கைதட்டவில்லை. நான் குழந்தை மாதிரி அழுதேன். அவள் என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்தாள். சீராக அடித்தது.

“ஏணியை இனிமே ஒளிக்காதீங்க” என்றாள்.

அடுத்த வார ஸ்கேனிலும் அளவு மாறவில்லை. இரவல் கேட்ட பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏணியைக் கொடுத்துவிட்டேன். ஷூ வாசலிலேயே கிடக்கிறது.