சைரன் ஊதியும் உட்கார்ந்திருந்த மேட்னி

பொன்னேரியில் ஏறும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒரு படத்தைப் பற்றிப் பேச்சு ஆரம்பித்தால், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை வந்து எல்லோரும் இறங்கிய பிறகும் அது இறங்காது. கார்டு தேய்க்கிற வரிசையில் நின்றும் பேசுவார்கள், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டும் பேசுவார்கள். பத்தாவதோடு நின்று ஃபவுண்டரி வேலைக்கு வந்த எனக்கு இந்த வாய்கள்தான் வாத்தியார். பம்பு பாகங்களை வார்த்து அனுப்பும் அந்த இடத்தில் பீஸ்களைப் புரட்டிப் பார்த்து ஓட்டை உடைசல் கண்டுபிடிப்பது என் வேலை. கை அதைச் செய்யும். காது வேறு எங்கேயாவது இருக்கும்.

அந்தக் காதுக்கு இத்தனை வருஷத்தில் மிகப் பெரிய விருந்து போட்டது ஒரு மோசமான படம்.

அதன் முதல் பாகத்தைப் பார்க்காதவர்கள் எங்கள் பஸ்ஸில் கிடையாது. கடலுக்கடியிலிருந்து ஒரு ராட்சத மிருகம் எழுந்து துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுப் படம், தமிழ் பேசும். சின்ன வயசில் டிவியில் பார்த்துப் பயந்துபோய் பாத்ரூமுக்குத் துணை கூப்பிட்டவர்கள்தான் நாங்கள் எல்லோரும். அந்த மிருகத்துக்கு எங்களுக்குள் 'பெருசு' என்று பேர். போன வருஷம் அந்தப் பழைய படத்தைத் துடைத்துப் பளபளப்பாக்கித் திரும்ப வெளியிட்டார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தோம், பிள்ளைகளும் பயந்தார்கள், எங்களுக்குப் பெருமையாக இருந்தது. தியேட்டர் நிரம்பியதைப் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? சூடு ஆறுவதற்குள் அவசர அவசரமாக இரண்டாம் பாகத்தை எடுத்து இறக்கிவிட்டார்கள்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே பொன்னேரித் தியேட்டரில் பாதிக் கூட்டம் தொழிற்பேட்டை ஆட்கள்தான். மறுநாள் காலை பஸ்ஸில் ஒருவரும் தூங்கவில்லை. முதல் படத்தில் பெருசு வருவதற்கு முன்னாலேயே வயிறு கலங்கும், இதில் டிக்கெட் கிழிக்கிறவருக்கும் முன்னால் அதுதான் வந்து நிற்கிறது என்றார் டிரைவர். காலைத் தூக்கி வைக்கிறதே தவிர தரையில் தூசுகூடக் கிளம்பவில்லை என்றது ஒரு குரல். அது பெருசு இல்லை, பெருசோட வேஷம் போட்டுக்கொண்டு வந்த யாரோ என்றது இன்னொன்று. எங்கள் கேன்டீனில் சமைக்கிற அக்கா, அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு அரிசி கழுவப் போனவன் எடுத்த படம் என்று தீர்ப்பே எழுதிவிட்டாள்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது கிரேன் அண்ணன் சொன்னது. எங்கள் ஃபவுண்டரியில் உலைப் பக்கம் மேலே ஓடுகிற கிரேனை இயக்குகிறவர் அவர். பேச்சு குறைவு. பேசினால் பஸ் மொத்தமும் திரும்பும். படத்தில் ஒரு இடம்: பெருசு வாலை வீசி ஒரு கட்டடத்தை அடிக்கும். வால் சுவருக்குள்ளே புகுந்து அந்தப் பக்கம் வந்துவிடும், சுவர் அப்படியே நிற்கும். அண்ணன் சொன்னார்:

"நான் ஒரு வாளி இரும்ப தூக்கி நிறுத்துனாகூட, நின்னப்புறம் அது கொஞ்ச நேரம் ஆடிகினு இருக்கும். அந்த வாலு நிறுத்துன எடத்துல செவுத்துல அடிச்ச ஆணி மாதிரி நிக்குது. அத செஞ்சவன் கைக்கு ஒரு மாசம் லீவு குடுக்கணும்."

பஸ் குலுங்கியது. நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அன்று முழுக்க அந்த வாக்கியத்தை நான் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று கணக்கே இல்லை.

மறுநாள் காலை அண்ணன் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார். எப்போதும் முன்னால் உட்கார்கிறவர். நாஷ்டா சாப்பிடாத முகம். ஊர் எல்லையெல்லாம் தாண்டும் வரை வெளியேவே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி, அந்த வால செஞ்சது எம் பொண்ணு."

அவருக்கு ஒரே பெண். பொன்னேரியிலிருந்து தினமும் ரயிலேறிச் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறவள், படங்களுக்கு கிராபிக்ஸ் செய்கிற இடம். பேங்க் பரீட்சை எழுதச் சொல்லி அண்ணன் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தும் அவள் கேட்கவில்லை. அதில் அவருக்கு வருத்தம். பொம்மை காட்டுகிற வேலைக்கு ஏன் இவ்வளவு படிப்பு என்று வீட்டில் அடிக்கடி சொல்லிவிடுவார். எந்தப் படத்துக்கு வேலை செய்கிறோம் என்று வெளியே சொல்லக்கூடாது என்பது அவள் கம்பெனிச் சட்டமாம். அதனால் ஒன்றும் சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவுக்கு அவளே டிக்கெட் எடுத்துக் கொடுத்து, கடைசி வரைக்கும் உட்கார்ந்து பாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறாள். படம் முடிந்த பிறகு ஓடுகிற பேர்களில் அவள் பேர் இருக்கிறது. திரையில் அவள் பேர் வருவது அதுதான் முதல் தடவை.

இவர்கள் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள். பார்த்துவிட்டும் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். திங்கட்கிழமை சாயங்காலம் அண்ணன், பஸ்ஸில் எல்லோரையும் சிரிக்க வைத்த சந்தோஷத்தில், வாலைப் பற்றித் தான் சொன்னதை மகளிடமே சொல்லியிருக்கிறார்.

"இன்னா சொன்னா?" என்று கேட்டேன்.

"சிரிச்சா. அது நான்தான் நைனான்னு சொல்லிட்டு தட்டுல கைய கழுவிகினு போய்ட்டா. சண்ட போட்டிருந்தாகூட தேவல தங்கச்சி."

வியாழக்கிழமையோடு படத்தைத் தியேட்டரிலிருந்து தூக்குகிறார்கள். அதற்குள் ஒரு தடவை மகளோடு போய் உட்கார்ந்து அந்தப் பேரைப் பார்த்துவிட வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்றார். பார்ப்பது என்ன பெரிய காரியம் என்று தோன்றும். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நினைத்தால்தான் அதில் இருக்கும் பேஜாரு புரியும்.

அந்தப் படத்தின் கடைசியில் பெருசு கடலுக்குள் மூழ்கும்போது துறைமுகத்தில் நீளமாக ஒரு சைரன் ஊதுகிறது. அச்சு அசல் எங்கள் ஷிப்டு முடிகிற சைரன். ஷிப்டு சைரன் ஊதினால் எழுந்து ஓடினால்தான் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு. வருஷக்கணக்காகக் கால் கற்றுக்கொண்ட பாடம் அது. ஞாயிற்றுக்கிழமை தியேட்டரில் சைரன் ஊதியதுதான் தாமதம், பாதி ஹால் எழுந்து நின்றுவிட்டது. நான் சீட்டுக்கடியில் சாப்பாட்டுப் பையைத் தேடினேன், ஞாயிற்றுக்கிழமை ஏது சாப்பாட்டுப் பை? எழுந்த கூட்டத்தைப் பார்த்துக் கதவைத் திறந்தார்கள், கதவைத் திறந்ததைப் பார்த்து ஆபரேட்டர் படத்தை நிறுத்தி லைட்டைப் போட்டார். பேர் ஓடவே இல்லை. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தோம். அண்ணனும்தான்.

புதன்கிழமை சாயங்காலம் நான் தியேட்டருக்குப் போய் ஆபரேட்டரைப் பார்த்தேன். வெற்றிலை போட்ட வாயோடு பொறுமையாகக் கேட்டார். பேர் ஓடுகிற வரைக்கும் ஓட்டுவீர்களா என்றதற்கு, "ஜனம் எழுந்தா நிறுத்துவேன், ஜனம் உக்காந்தா ஓட்டுவேன். நானா எதுவும் முடிவு பண்றதில்லம்மா" என்றார். இதைவிட நியாயமாக யார் பேச முடியும்?

ஆக, ஜனத்தை உட்கார வைக்க வேண்டும். அண்ணனிடம் கேட்டுக்கொண்டுதான் வியாழக்கிழமை காலை பஸ்ஸில் விஷயத்தைச் சொன்னேன். முன்னால் உட்கார்ந்திருந்த அவர் திரும்பவே இல்லை, பின்கழுத்து மட்டும் தெரிந்தது. வாலைப் பற்றி ஆளாளுக்குச் சொன்னதெல்லாம் அப்போது அவரவர் காதில் திரும்ப ஓடியிருக்கும். கேன்டீன் அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஒரு தபா பாத்ததுக்கே எனக்கு தலவலி. நம்ம பொண்ணு பேருன்னா ரெண்டாவது தபாவும் வலிக்கட்டும், போ."

இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்து, யூனிஃபார்மோடு அப்படியே மேட்னிக்குப் போய் இறங்கினோம். எங்களைத் தவிர ஹாலில் இருந்தவர்கள் ஏசிக்காக வந்து தூங்கிய சிலர்தான். மகள் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அண்ணனுக்கும் அண்ணிக்கும் நடுவில் உட்கார்ந்தாள். ஒல்லியான பெண், ஆபீஸ் பையை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

படம் ஆரம்பித்தது. எங்கள் ஆட்கள் கோயிலுக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பெருசு முதல் நிமிஷத்திலேயே வந்து நின்றது, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தரையில் படாத காலை எடுத்து வைத்தது, யாரோ பலமாகத் தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான். எங்கள் ஜனம் வாயை மூடிக்கொண்டு ஒரு படம் பார்ப்பதை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை.

வால் வந்தது. சுவருக்குள் போய் அந்தப் பக்கம் வந்தது. ஆணி மாதிரி நின்றது.

முதலில் சிரித்தவள் அந்தப் பெண்தான். வாயைப் பொத்திக்கொண்டு ஆரம்பித்து, பொத்த முடியாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"திருத்துனதுல ஆட வச்சிருந்தேன் நைனா. செவுரும் ஒடஞ்சுது. அந்த மாதிரி நாலு எடம் இருக்கு, நேரமில்ல, மொதல்ல அனுப்புனதே போதும்னு எடுத்துகினு போய்ட்டாங்க."

"ஆட வச்சியா?" என்றார் அண்ணன்.

"நீ கிரேன் ஓட்டுற கதைய சின்ன வயசுல கேட்டுகினே இருந்தவதானே நானு."

அதற்கப்புறம் யாரைப் பிடிக்க முடியும்? அடைத்து வைத்திருந்த பேச்செல்லாம் ஹாலில் கொட்டியது. பெருசை ஏன் முதலிலேயே காட்டினார்கள், காலடியில் தூசு எங்கே, பகலில் நடக்கிற சண்டையில் நிழல் ஏன் ரெண்டு பக்கமும் விழுகிறது என்று ஆளாளுக்கு அவளிடமே கேட்டார்கள். அவள் சீட்டில் திரும்பி உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள். நிழல் என் கணக்கில் இல்லை, அது பக்கத்து ரூம் என்றாள். அதற்கு ஒரு சிரிப்பு. படம் தன் பாட்டுக்கு ஓடியது. முதல் தடவை பார்த்ததைவிட எனக்கு அது எவ்வளவோ நன்றாக இருந்தது.

சைரன் வந்தது. தெரிந்துதான் உட்கார்ந்திருந்தோம், ஆனாலும் வரிசை வரிசையாக முழங்கால்கள் கிளம்பின. கேன்டீன் அக்கா தனக்கு முன்னால் இருந்த இரண்டு தோள்களைப் பிடித்து அழுத்தினாள். முழுசாக எழுந்தேவிட்ட ஒருவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். பாதி திறந்த கதவு, ஒரு நிமிஷம் யோசித்து, திரும்ப மூடிக்கொண்டது. ஜனம் உட்கார்ந்திருந்தது, ஆபரேட்டர் ஓட்டினார்.

பேர்கள் ஏற ஆரம்பித்தன. எல்லாம் இங்கிலீஷ். பொடி எழுத்து, மூன்று வரிசையாக எறும்பு சாரை மாதிரி மேலே போய்க்கொண்டே இருந்தது. ஒரு படத்துக்கு இத்தனை பேரா, இத்தனை பேர் சேர்ந்தா இப்படி எடுத்தார்கள் என்று பின்னாலிருந்து ஒரு குரல். நடித்தவர்கள் போய், சாப்பாடு போட்டவர்கள் போய், வண்டி ஓட்டினவர்கள் போனார்கள். அந்தப் பெண் திடீரென்று நிமிர்ந்து, இப்போ வரும் என்றாள். அண்ணன் சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினார். கழுத்தில் தொங்கிய கம்பெனி கார்டின் கயிறு கண்ணாடிக் காம்பில் மாட்டிக்கொண்டது. அதை விடுவித்து, மூக்கில் ஏற்றி, தலையைத் தூக்குவதற்குள் பேர் மேலே போய்விட்டது.

"பாத்தியா நைனா?"

"பாத்தேம்மா" என்றார்.

அவர் பார்க்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் கார்டுக் கயிற்றைச் சரிசெய்துவிட்டாள். பக்கத்தில் அண்ணி, எது, எது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும்.

அப்போதுதான் கேன்டீன் அக்கா எழுந்து, ப்ரொஜெக்டர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக் கையைத் தூக்கினாள்.

"ஒன்ஸ்மோர்."

நல்ல பாட்டுக்கும் குத்து டான்சுக்கும் கேட்டிருக்கிறோம். படத்தின் கடைசியில் ஓடுகிற பேர்களுக்கு ஒன்ஸ்மோர் கேட்டது உலகத்திலேயே எங்கள் ஷிப்டாகத்தான் இருக்கும். எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். விசில் பறந்தது. ஏசிக்கு வந்து தூங்கினவர்கள் எழுந்து, காரணம் தெரியாமலே அவர்களும் ஒன்ஸ்மோர் என்றார்கள். ஜன்னலில் ஆபரேட்டரின் தலை தெரிந்தது. என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார், அப்புறம் உள்ளே போனார். பேர்கள் மேலிருந்து கீழே சரசரவென்று இறங்கி வந்தன.

"நிறுத்துங்க, இங்கதான்" என்று அந்தப் பெண் கத்தினாள். திரை நின்றது.

அண்ணன் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கவில்லை. நடந்து திரைக்குக் கிட்டே போய்விட்டார். அண்ணியையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். எம்பிக் கையைத் தூக்கியபோது எழுத்துகள் அவர் கைமேலேயே விழுந்தன. அவள் பேருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக அவருடைய இனிஷியல். விரலை அதில் வைத்து அண்ணிக்குக் காட்டினார்.

"இந்த எழுத்து நானு. இதுக்கப்புறம் எல்லாம் இவ."

அண்ணி திரையைத் தொட்டுப் பார்த்தாள். அந்தப் பெண் பையை மடியிலிருந்து கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள். எங்கள் ஷிப்டு எழுந்து நின்று கைதட்டியது. ஜனம் எழுந்தும் ஆபரேட்டர் திரையை அணைக்கவில்லை.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்க நின்றிருந்த ஒருவர், யூனிஃபார்மில் இத்தனை பேர் சிரித்துக்கொண்டு வருவதைப் பார்த்து, படம் எப்படி என்று அண்ணனைக் கேட்டார். மகள் அப்பா முகத்தைப் பார்த்தாள். அண்ணன் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

"சுமார்தான். அவசரத்துல எடுத்துட்டாங்க. வாலு கொஞ்சம்கூட ஆடாது" என்றார். "ஆனா கடைசி வரைக்கும் உக்காந்து பாரு நைனா. சைரன் ஊதும், நீ எழுந்திரிக்காத."