தூளிக் கொக்கியில் ஒரு சைக்கிள்

செங்கமலம் கல்லங்குறிச்சிப் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கும் அரசாங்க நர்ஸ். குடியிருப்பது அரியலூரில், ஒற்றை அறை மாடி. அந்த அறைக்குள் அவள், புருஷன் சாமிதுரை, இரண்டு சைக்கிள்கள். கீழே நிறுத்தினால் வீட்டுக்காரம்மா கலியம்மாளுக்குப் பொறுக்காது. "வழிய அடைச்சுட்டா நான் பறந்தா போவேன்?" என்பாள். அதனால் தினமும் பதினேழு படி தூக்கி வந்து, ஒன்றைச் சுவரில் சாய்த்து, மற்றொன்றை உத்திரத்துத் தூளிக் கொக்கியில் கயிற்றால் தொங்கவிடுவார்கள். நெட்டையன் சாமிதுரை சக்கரத்தில் மண்டையை இடித்துக்கொள்ளாத நாள் கிடையாது.

1983 தை மாதம் தாய்வீட்டிலிருந்து மூன்று மாதக் குழந்தையோடு செங்கமலம் திரும்பினாள். லீவு முடியப் பத்து நாள்தான் இருந்தது. கொக்கி இனி தூளிக்கு வேண்டும்; ஒரு சைக்கிள் போயாக வேண்டும். எது என்று சாமிதுரை யோசிக்கக்கூட இல்லை.

"உன்னோடத வித்துருவோம் புள்ள. நீ பஸ்ஸுல போயிக்க."

செங்கமலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடுப்பு வலி என்ன பஸ் டைம் பார்த்தா வரும்? அன்று கொக்கியில் தொங்கியது சாமிதுரையின் சைக்கிள். அழுத பிள்ளைக்கு அவசரமாக அதன் பாரிலேயே பழைய புடவையைக் கட்டி ஆட்டினாள். எண்ணெயே காணாத அந்த வண்டி கிரீச் கிரீச்சென்று முனக, பிள்ளை சொக்கிப்போனது.

மறுநாள் வெறும் கொக்கியில் தூளி கட்டினார்கள். பிள்ளை வீட்டையே இரண்டாக்கியது. செங்கமலத்தின் சைக்கிளைத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். வாராவாரம் துடைத்து எண்ணெய் விட்ட வண்டி, மூச்சே விடவில்லை. பிள்ளையும் கண்ணை மூடவில்லை. கடைசியில் சாமிதுரையின் வண்டியே மேலே ஏறியது.

பதினோராம் நாள் காலை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கலியம்மாள் மாடிக்கு வந்தாள். ஆபீசுக்குக் கிளம்பிய சாமிதுரை கயிற்றை அவிழ்க்கக் கை நீட்டினான்.

"அதத் தொடாத! இப்பதான் கண்ணசந்துச்சு. நடந்து போ, கால் தேஞ்சுடாது" என்றாள் கலியம்மாள்.

செங்கமலம் அதற்குள் தன் சைக்கிளோடு பாதிப் படி இறங்கியிருந்தாள். சந்தோஷத்தில் வண்டி கனக்கவே இல்லை. கீழிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏங்க, அதுக்கு எண்ணெய் கிண்ணெய் வுட்டுறாதீங்க!"