கனடாவில் இருந்த சாட்சி

பெற்றோலுக்குச் சனம் வரிசையில் நின்றதே, அந்தக் காலம் முடிந்து, அடுத்த மாரியும் பெய்து ஓய்ந்த பிறகு வந்த தை மாதம். இதை நான் தேதி வைத்துச் சொல்லமாட்டேன். தேதி எனக்கு நிற்பதில்லை. பெற்றோல் வரிசை நன்றாக நிற்கிறது, ஏனென்றால் அந்த நாட்களில் தீவுப்பகுதிக்கு ராசா நான்தான். வாகனம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் கான்களோடு வரிசையில் காய்ந்துகொண்டிருக்க, நான் என் பச்சைச் சைக்கிளில் வேலணையிலிருந்து யாழ்ப்பாணம் போய்க் கிளினிக்கில் மருந்துக் குளிசை எடுத்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். முன்பு காருக்குள் இருந்து கோன் அடித்து என்னை ஒதுக்கியவர்கள் என்னைத் தேடி வந்தார்கள். “அப்பு, செயின் கழண்டுபோச்சு, என்ன செய்யிறது?” என்று ஒருவர். காற்றடிக்கிற வால்வு எந்தப் பக்கம் என்று கேட்ட பெரிய உத்தியோகத்தரும் உண்டு. சிரிக்காமல் காட்டிக் கொடுத்தேன்.

பிறகு பெற்றோல் வந்தது. சைக்கிள்கள் எல்லாம் மறுபடி கோழிக்கூட்டுப் பக்கம் போய்விட்டன. என்னுடையது மட்டும் வீதியில்.

நடந்ததைச் சொல்லுமுன் கள்ளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அதைச் சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. எனக்குக் கள்ளில் விருப்பம். அதை ஊரில் யாருக்கும் மறைத்ததில்லை. ஆனால் கள்ளுத் தவறணையில் ஒரு ஓலைப் பிளா நிறையக் குடித்தாலும், திரும்பும்போது சைக்கிளில் ஏறமாட்டேன். உருட்டிக்கொண்டுதான் வருவேன். இது இளம் வயதில் வந்த பழக்கம். அப்போது ஒரு நாள் இரண்டு பிளா குடித்துவிட்டு, எனக்கொன்றும் செய்யாது என்ற துணிவில் ஏறி மிதித்தேன். கலியாணத்துக்காகப் புதிதாக அடைத்த ஒரு தென்னோலைக் கிடுகு வேலிக்குள் சைக்கிளோடு போய் நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். அதில் ஒருத்தி பிறகு எனக்கு மனைவியாக வந்தாள் என்பது வேறு கதை. அவள் அதை இன்றைக்கும் மறக்கவில்லை என்பதுதான் இந்தக் கதைக்குத் தேவை. அன்று தொட்டு உருட்டல்தான். கள்ளுக் குடித்தவனுக்குச் சைக்கிளும் வாகனம்தான்.

சரி, அந்தத் தை மாதக் காலைக்கு வருவோம். கிளினிக் நாள். சைக்கிளின் பின் கரியரில் ஒரு உரப்பையில் கத்தரிக்காய், பட்டணத்தில் இருக்கிற தங்கைக்கு. மண்கும்பான், அல்லைப்பிட்டி எல்லாம் தாண்டிப் பண்ணைப் பாலத்துக்கு வர ஏழரை மணி இருக்கும். பாலம் என்று சொல்கிறோமே தவிர, கடலுக்கு நடுவே கல் போட்டு உயர்த்திய வீதிதான் அது. இரண்டு பக்கமும் தண்ணீர். அன்றைக்குக் கடல் வற்றி, கால் நீண்ட பூநாரைகள் கூட்டமாக நின்றன. நான் இடது ஓரத்தோடு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தேன்.

பின்னால் ஒரு ஓட்டோ வரும் சத்தம். அதோடு ஒரு ஆள் பெரிதாகக் கதைக்கும் சத்தம்.

“இஞ்சை பார் அக்கா, கடல் எப்பிடிக் கிடக்குது எண்டு. தெரியுதோ? அந்தா, முன்னாலை சைக்கிளிலை ஒரு அப்பு போறார்.”

என்னைத்தான் சொல்கிறான் என்று விளங்கியது. நான் கொஞ்சம் நிமிர்ந்து இருந்தேன், அதை ஏன் மறைக்கவேண்டும். அடுத்து ஒரு பெண் குரல்: “குருவியளை வடிவாக் காட்டன்ரா. கிட்டப் பிடி, கிட்டப் பிடி.”

அவன் போன் வைத்திருந்த இடது கையைக் கடல் பக்கம் நீட்டியிருக்கிறான். கை போன பக்கம் வண்டியும் போனது. ஓட்டோவின் ஓரம் என் கைபிடியில் தட்டியது. பலமான தட்டு இல்லை. ஒரு ஆள் தோளில் தட்டிக் கூப்பிடுவது போலத்தான். ஆனால் அந்த வீதியில் ஓரத்துக்கு அங்கால் நிலம் இல்லையே. கல்லில் சறுக்கி, நானும் சைக்கிளும் முழங்கால் அளவு தண்ணீருக்குள் இருந்தோம். பூநாரை எல்லாம் எழும்பிப் பறந்தன.

முதலில் கை காலை அசைத்துப் பார்த்தேன். முழங்கை உரிந்திருந்தது. ஒரு செருப்பைக் காணவில்லை. சைக்கிளின் முன் சில்லு வளைந்திருந்தது. உரப்பை அவிழ்ந்து கத்தரிக்காய் எல்லாம் வரிசையாக மண்டைதீவுப் பக்கம் மிதந்து போய்க்கொண்டிருந்தன.

ஓட்டோவுக்குள்ளிருந்து அந்தப் பெண் கத்திக்கொண்டிருந்தாள். “ஐயோ, என்னடா நடந்தது? அப்புவைத் தூக்கடா! முதல்லை அப்புவைத் தூக்கு!”

ஓட்டி இறங்கி ஓடிவந்தான். எங்கள் ஊர்ப் பொடியன்தான், நாற்பது வயது இருக்கும், சந்தியில் ஓட்டோ வைத்திருப்பவன். என்னைப் பிடித்து ஏற்றினான். 

“தம்பி, உள்ளுக்கை ஒரு பொம்பிளை பயந்துபோய்க் கத்துது, போய்ப் பாரும்” என்றேன்.

“ஒருத்தரும் இல்லை அப்பு.”

“எனக்குக் காது கேக்குது.”

“அது அக்கா. கனடாவிலை.”

எட்டிப் பார்த்தேன். சீற்றில் போன் கிடந்தது. அதற்குள் தடித்த உடுப்புப் போட்ட ஒரு பெண் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் யன்னலில் இருட்டு. அங்கே அப்போது முதல் நாள் இரவாம். என்னைக் கண்டதும், “அப்பு, ஒண்டும் இல்லையோ?” என்றாள். நான் பதில் சொல்லுமுன் அவன் போனை நிறுத்திவிட்டான். அதற்குப் பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கிக் கத்தரிக்காய்களைப் பொறுக்கினான். பாதி அகப்பட்டது.

வளைந்த சைக்கிளை ஓட்டோவின் பின்னால் கட்டி, என்னை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். மருந்து கட்டுவதற்கு முன் சேறு கழுவ வேண்டுமென்று நான் கிணற்றடிக்குப் போனேன். அங்கேதான் பிழை விட்டேன். நான் தண்ணீர் அள்ளி ஊற்றுகிற நேரத்தில், அவன் என் மனைவியிடம் ஒரு கதை சொல்லிவிட்டான்.

நான் தலையைத் துவட்டிக்கொண்டு வர, அவன் போய்விட்டிருந்தான். மனைவி குசினி வாசலில் நின்றாள். முகத்தில் அந்தப் பழைய கிடுகு வேலி தெரிந்தது.

“விடியக் காலமையே துடங்கியாச்சோ?”

“என்னத்தை?”

“ஆடி ஆடி வந்தனீங்களாம். பாத்துப் பாவப்பட்டு ஏத்திக்கொண்டு வந்தவனாம். அந்தப் பொடியன் இல்லாட்டி இண்டைக்கு உங்களைக் கடலிலை வலை போட்டெல்லோ தேடியிருக்கோணும்.”

“இஞ்சாரும், நான் கள்ளுக் குடிக்கேல்லை. வேணுமெண்டால் மணந்து பாரும்.”

கிட்ட வந்து மணந்து பார்த்தாள். “கடல் கழுவிப்போட்டுது” என்றாள்.

நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே தெரிந்தது, உண்மைதான் பெரிய புளுகாக இருக்கிறது. ஓட்டோவுக்குள் ஆள் இல்லை, ஆனால் ஒரு பெண் கத்தினாள். அவள் எல்லாம் கண்டவள். ஆனால் அவள் கனடாவில்.

“ஓம், ஓம். கனடாவிலை ஒருத்தி இருந்து நீங்கள் பண்ணைக் கடலிலை விழுந்ததைப் பாத்தவள். பேந்து ஆர் பாத்தது, லண்டனிலை மகனும் பாத்தவனோ?”

நான் முழங்கைக்கு மருந்து கட்டப் போய்விட்டேன். மேலே கதைத்தால் மூன்று பிளா குடித்ததாக வரும்.

அன்று பின்னேரம் சைக்கிள் கடைக்காரர் முன் சில்லை நிமிர்த்திக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியதும், மனைவி ஆட்டுக்கொட்டில் சங்கிலியால் அதைத் தூணோடு கட்டிப் பூட்டினாள். பூட்டின் திறப்பு தேயிலைத் தகரப் பேணிக்குள் போனது. “இனி பஸ்ஸிலை போங்கோ. இல்லாட்டி வீட்டிலை இருங்கோ.”

பஸ்ஸில் போகலாம்தான். ஆனால் நான் சைக்கிளில் போகிறவன். வழியில் நின்று ஒருவரோடு கதைப்பேன், இன்னொருவர் வீட்டு மாடு கன்று போட்டதா என்று எட்டிப் பார்ப்பேன். பஸ் அதற்கெல்லாம் நிற்காது. முழங்கை ஐந்தாறு நாளில் காய்ந்தது. சைக்கிளைச் சங்கிலியில் பார்ப்பதுதான் காயவில்லை. அதைவிட அந்தப் பெயர். தவறணைக்கு நடந்து போனேன். அங்கேயும் அது எனக்கு முன்னால் போயிருந்தது.

“அண்ணை, கடல் குளிப்பு எப்பிடி?” என்றார் ஒருவர்.

“உருட்டிக்கொண்டு போறவர் எண்டெல்லோ பெருமை பேசினவர். கடலுக்குள்ளையும் உருட்டினவரோ?” என்றார் மற்றவர்.

நாற்பது வருடத்துக்கு மேலாக, மழையிலும் உருட்டி, முள்ளுக் குத்தியும் உருட்டி வந்த மனிதன் நான். ஒரு பிளாவை முடிக்காமல் வைத்துவிட்டு வந்தது அன்றைக்கு மட்டும்தான்.

ஓட்டோக்காரனை ஒரு நாள் சந்தியில் கண்டேன். என்னைக் கண்டதும் குனிந்து சில்லைப் பார்த்தான். சில்லில் ஒன்றும் இல்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. சந்தியில் நின்ற ஆட்களுக்கு முன் அவனைக் கேட்டால் அவன் இன்னும் பெரிதாகத்தான் சொல்வான்.

பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மகன் அனுப்பிய போன் அடித்தது. மகன்தான் என்று ஸ்பீக்கரில் போட்டு எடுத்தாள். மகன் இல்லை. ஒரு பெண்.

“மாமி, உங்கடை இலக்கத்தை எடுக்க நான் பட்ட பாடு. உங்கடை அண்ணையின்ரை மகளை இஞ்சை கனடாக் கோயிலிலை கண்டுதான் வாங்கினனான். மாமி, அப்பு உயிரோடை இருக்கிறாரோ?”

“ஏன் பிள்ளை அப்பிடிக் கேக்கிறாய்? அந்தா, ஆட்டுக்குக் குழை போட்டுக்கொண்டு நிக்கிறார்.”

அந்தப் பெண் அழத் தொடங்கிவிட்டாள். எனக்கு ஆட்டுக்கொட்டில்வரை கேட்டது. “எனக்குப் பன்னிரண்டு நாளா நித்திரை இல்லை மாமி. கண்ணை மூடினால் கத்தரிக்காய் மிதக்குது. தம்பியிட்டைக் கேட்டால் ஒண்டும் நடக்கேல்லை, வையக்கா போனை எண்டுறான். நான்தான் மாமி கிட்டப் பிடி எண்டு சொன்னனான். அவன் கடலைக் காட்டப் போய்த்தான் அப்புவிலை தட்டினவன்.”

மனைவி தேங்காய்த் துருவலைத் தள்ளி வைத்தாள். “பிள்ளை, ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லு. இவர் ஆடி ஆடியோ வந்தவர்?”

“இல்லை மாமி! நூல் பிடிச்ச மாதிரி எல்லோ போனவர். நான் தம்பிக்குச் சொன்னனான், இந்த வயசிலையும் எவ்வளவு நேரா ஓடுறார் பார் எண்டு.”

அவள் அப்படிச் சொன்னது எனக்கு அன்று காற்றில் கேட்கவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து, மனைவி முன்னால் கேட்கக் கிடைத்தது. அது ஒரு வகையில் நல்லதுதான்.

மனைவி எழும்பிப் போய்த் தேயிலைப் பேணியைத் திறந்தாள். திறப்பைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, “கத்தரிக்காயைப் பற்றி முதலே சொல்லியிருந்தால் நம்பியிருப்பன்” என்றாள். சொல்லித்தான் இருந்தேன். ஆனால் திறப்புக் கையில் இருக்கும்போது வாதாடுவது புத்தி இல்லை.

அன்று பின்னேரமே ஓட்டோக்காரன் வந்தான். அக்கா அவனைச் சும்மா விட்டிருக்கமாட்டாள். படலையடியில் நின்றுகொண்டு, “அப்பு, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பொலிசுக்குப் போயிடுவியளோ எண்டு பயந்துதான் அப்பிடிச் சொன்னனான்” என்றான்.

“உள்ளுக்கை வாரும். மன்னிப்பு எனக்கு வேண்டாம். என்ன நடந்தது எண்டு சந்தியிலை எல்லாருக்கும் முன்னாலை ஒருக்காச் சொல்லும். தவறணையிலும் சொல்லும். அது காணும்.”

“தவறணையிலுமோ?”

“அங்கைதான் முதல் சொல்லோணும்.”

சொன்னான். தவறணையில் சொல்லும்போது நானும் இருந்தேன். கேலி செய்த இரண்டு பேரும் எனக்கு ஆளுக்கொரு பிளா வாங்கித் தந்தார்கள். வழமை போல உருட்டிக்கொண்டு வந்தேன். அன்றைக்குச் சைக்கிள் பாரமாகவே இருக்கவில்லை.

மனைவி அவனுக்கு ஒரு மூடல்பெட்டி கொடுத்திருந்தாள். பனையோலையில் இழைத்த, மூடியோடு கூடிய சின்னப் பெட்டி. “ஓட்டோவை எடுக்க முன்னம் போனை இதுக்குள்ளை போட்டுப் பின் சீற்றுக்குக் கீழை வை. அடிச்சால் அடிக்கட்டும்.” அதைப் பார்த்துச் சந்தியில் மற்ற ஓட்டோக்காரர் சிரித்தார்கள். பிறகு இரண்டு பேர் வந்து தங்களுக்கும் ஒன்று கேட்டு வாங்கினார்கள். ஒருவர் அதில் வெற்றிலை வைத்திருக்கிறார் என்று கேள்வி. மற்றவர் சரியாகத்தான் வைத்திருக்கிறார்.

ஆனால் பெட்டியைவிடப் பெரிய வேலை செய்தது அந்தக் கனடாப் பெண்தான். இப்போது ஊருக்குப் போன் எடுத்தால் அவள் சுகம் கேட்பதில்லை. முதற் கேள்வி, “ஓடுறியோ, இருக்கிறியோ?” வண்டி ஓடுகிறேன் என்று சொன்னால் அடுத்த சொல் இல்லை, நிறுத்திவிடுவாள். தன் கோயில் ஆட்கள், வேலை இடத்து ஆட்கள் எல்லாருக்கும் இதைச் சொல்லியிருக்கிறாள். ஒருவரிலிருந்து ஒருவருக்குப் போய் லண்டனுக்கும் போய்விட்டது. போன கிழமை என் மகன் எடுத்து, “அப்பா, ஓடுறியளோ, இருக்கிறியளோ?” என்றான். நான் ஆட்டுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தேன். போன் என்னுடையதும் இல்லை. என்றாலும், “இருக்கிறன் மகன்” என்று சொன்னேன். கேட்க நன்றாக இருந்தது.

போன கிளினிக் நாளில் பண்ணையில் அதே ஓட்டோ வீதியோரமாக நின்றது. அவன் இறங்கிக் கல்லில் குந்தியிருந்து அக்காவுக்குக் கடல் காட்டிக்கொண்டிருந்தான். பூநாரைகள் திரும்பி வந்திருந்தன. நான் மணி அடித்துக்கொண்டு கடந்து போக, போனுக்குள்ளிருந்து “அப்பு!” என்று ஒரு சத்தம். கையைக் காட்டவில்லை. ஓடும்போது இரண்டு கையும் கைபிடியில் இருக்கவேண்டும்.

நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன். எழுதி அனுப்ப எனக்குத் தெரியாது. உங்களுக்கு வெளிநாட்டில் ஆட்கள் இருப்பார்கள், இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. இன்றைக்கு அவர்கள் எடுக்கும்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள். முதலில் அந்த ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் பார்க்கக் கேட்கும் கடல் இங்கேதான் கிடக்கும். வண்டியை நிறுத்திவிட்டுக் காட்டலாம். அந்த ஓரத்தில் யாரோ ஒருவர் கத்தரிக்காயோடு போய்க்கொண்டிருப்பார் என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள்.