அலுமாரிக்குள் அளந்த காற்று

எங்கள் லேனில் மெல்ரோய் என்று ஒருவன் இருக்கிறான். கொழும்பில், இதே கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, ஒரு டிப்ளோமா கையில் கிடைத்த நாளிலிருந்து கொட்டாஞ்சேனையைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறவன். தகப்பன் ஹெக்டர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், தங்கமான மனிசன். அப்படிப்பட்டவருக்கு இப்படி ஒரு பிள்ளை ஏன் என்று ஆண்டவரிடம் கேட்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

உளவியல் படித்துவிட்டு மருதானையில் போன் கவர் விற்றுக்கொண்டிருந்தான். அந்த வேலையை ஒழுங்காகத்தான் செய்தான் என்று கேள்வி. போன வருஷம் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்தான். தூசிக்குள் சீவிக்கிற சனங்களின் மனம் எப்படிப் பாதிக்கப்படுகிறது என்று பார்க்கிற ஆராய்ச்சியாம். அன்றைக்குக் கழுத்தில் ஏறிய அடையாள அட்டை பிறகு இறங்கவேயில்லை. ஞாயிறு பூசையில் நன்மை எடுக்கப் பீடத்துக்குப் போகும்போதும் அது வயிற்றில் ஆடியது. சின்ன வயதில் அவனுக்கு மூக்குத் துடைத்துவிட்ட பெண்களையெல்லாம் 'பார்ட்டிசிபன்ட்ஸ்' என்று சொல்லத் தொடங்கினான்.

எங்கள் லேனைத் தெரிவு செய்ததற்குக் காரணம் மூலையில் இருக்கும் கிடங்கு, எங்கள் வாயில் ஸ்டோர்ஸ். லொறி லொறியாகப் புண்ணாக்கும் மாட்டுத்தீவனமும் வந்து இறங்கும். இறக்கும்போது எழும்புகிற மஞ்சள் தூசி கொடியில் காயும் உடுப்பிலும், மூடாமல் வைத்த தேத்தண்ணியிலும், எங்கள் தலைமயிரிலும் படியும். பக்கத்து வீட்டுப் பாக்கியலெட்சுமியின் மகள் சுபாஷினிக்கு அது நெஞ்சுக்குள்ளேயே போய் இருந்துவிட்டது. ஒன்பது வயதுப் பிள்ளை. முட்டு வருத்தம் வந்தால் மூச்சை எடுக்கவும் ஏலாது, விடவும் ஏலாது, கட்டிலில் குந்தியிருந்து தாயின் முகத்தைப் பார்க்கும்.

ஆராய்ச்சியின் தலைவி டொக்டர் றேணுகா வெள்ளவத்தையில் கடல் தெரியும் ஃபிளட்டில் இருப்பவர். ஒரே ஒரு தடவை எங்கள் லேனுக்கு வந்தார், செருப்பைக் கழற்றாமல். "இந்த அறிக்கை வந்தவுடனே அதிகாரிகளிட்ட குடுப்பம். ஸ்டோர்ஸை இரத்மலானைப் பக்கம் மாத்தச் சொல்ல இதைவிட ஆதாரம் வேணாம்" என்றார். பாக்கியலெட்சுமி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். மலைநாட்டில் மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலியாணம் முடித்து வந்தவள், புருஷன் தங்கையாவுக்குத் துறைமுகத்தில் கூலி வேலை. வேறு வீடு பார்த்துப் போக வழியில்லை. ஸ்டோர்ஸ் போனால்தான் பிள்ளைக்கு மூச்சு.

காற்றை அளக்கும் வெள்ளைப் பெட்டிகளை மெல்ரோய் வீடு வீடாகக் கொண்டுவந்தான். யன்னலுக்குப் பக்கத்தில் தொங்கவிட வேண்டியது. ஆனால் நம்முடைய பெரிய மனுஷன் அதை எப்படிச் சொன்னான்?

"அக்கா, இது வெளிநாட்டுச் சாமான். சின்னக் கீறல் விழுந்தாலும் உங்கட தலையிலதான் வந்து விழும். விளங்கிச்சா?"

நன்றாக விளங்கிவிட்டது. எங்கள் லேனில் விலையான சாமான் எங்கே போகும்? கண்ணாடி அலுமாரிக்குள் போகும். டுபாயிலிருந்து வந்த கோப்பைகள், கலியாணக் கேக்கின் மேலிருந்த மாப்பிள்ளை பொம்பிளை, ஞானஸ்நான மெழுகுதிரி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பெட்டியும் போய் அவற்றோடு உட்கார்ந்தது. ஒரு வீட்டில் உறையைக்கூடக் கழற்றவில்லை. இன்னொரு வீட்டில் கீழே பின்னல் துணி விரித்திருந்தார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கப்பல் கம்பனியில் முப்பது வருஷம் கிளாக்காக இருந்த எனக்குப் பெட்டி தரவில்லை. மெற்றில்டா அன்ரி அளவுக்கு மிஞ்சிக் கதைப்பா என்று என் வீட்டை மெல்ரோய் விட்டுவிட்டான்.

"எடுத்து வெளிய வையும் பாக்கியம், அலுமாரிக்குள்ள என்ன காத்து இருக்கு?" என்று நான் சொன்னேன்.

"ஒடஞ்சிட்டா நாங்க எங்கங்க மிஸ் போறது?" என்றாள். காலையில் அலுமாரியைத் திறந்து பெட்டியைத் துடைத்துவிட்டு மறுபடியும் சாத்துவாள். பிள்ளை உயிரைக் காப்பாற்றப்போகிற சாமானாம், அதற்கு அவ்வளவு மரியாதை.

கிழமைக்கொருதரம் கேள்வி கேட்க வருகிறவனுக்குக் கண் இல்லையா? நான் அவனை வாசலில் மறித்தேன்.

"டேய், பெட்டியெல்லாம் அலுமாரிக்குள்ள கிடக்கு. தெரியுதா உனக்கு?"

"பச்சை லைட் எரியுதுதானே அன்ரி. அது காணும்."

"அலுமாரிக்குள்ள லொறியா வருது?"

"இப்ப போய்ச் சொன்னா எல்லாம் முதல்ல இருந்து. டொக்டர் என்னைத்தான் தூக்குவா." குரலைத் தாழ்த்தினான். "அறிக்கை முடிஞ்ச உடன என்ர கொன்ட்ராக்ட் புதுப்பிக்க வேணும். வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்க அன்ரி."

அவ்வளவுதான் அந்த ஆராய்ச்சி. ஒரு பிள்ளையின் நெஞ்சு ஒரு பக்கம், இவனுடைய கழுத்து அட்டை மற்றப் பக்கம். அவன் எதை எடுத்தான் என்று சொல்லவும் வேண்டுமா? சீ என்று காறித் துப்பலாம்போல இருந்தது எனக்கு.

மூன்று மாதம் கழித்து ஒரு ஹோட்டல் மண்டபத்தில் முடிவைச் சொன்னார்கள். திரையில் வண்ண வண்ணக் கோடுகள். எங்கள் வீடுகளின் காற்று வெள்ளவத்தைக் காற்றைவிடச் சுத்தமாம். சனங்களின் மன உளைச்சலுக்குக் காரணம் தூசியல்ல, குடும்பச் சூழ்நிலையாம். தங்கையா மனைவியைப் பார்த்தான். அவள் இன்னும் நல்ல செய்தி வரும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழும்பினேன். பெட்டிகள் எங்கே இருந்தன என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி உரத்துச் சொன்னேன். டொக்டர் றேணுகா சிரித்தபடி கேட்டார், ஒரு குழந்தை பாட்டுப் பாடுவதைக் கேட்பதுபோல.

"நல்ல அவதானிப்பு. குறைபாடுகள் என்ற பகுதியில ஒரு வரி சேர்ப்பம். இப்ப எல்லாரும் தேத்தண்ணிக்குப் போவம்."

மெல்ரோய் மேசைக்குப் பின்னால் நின்று வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை. கட்லட் தட்டு வந்தபோது மட்டும் நிமிர்ந்தான்.

அடுத்த கிழமையே ஸ்டோர்ஸ் முதலாளி அறிக்கையின் முதல் பக்கத்தைப் பெரிதாக அச்சடித்து கேற்றில் ஒட்டினான். லொறிகள் கூடின. மெல்ரோயின் ஒப்பந்தம் இன்னொரு வருஷத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. சுபாஷினிக்கு ஒரு மாதத்தில் இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்தார்கள். வெளியே வந்த பிள்ளையைத் தங்கையா நேரே மஸ்கெலியாவுக்குக் கொண்டுபோய் மாமன் வீட்டில் விட்டு, அங்கேயே பள்ளிக்கூடத்திலும் சேர்த்தான்.

அறிக்கை வந்த பிறகும் கேள்விகள் நிற்கவில்லை. கடைசிச் சுற்றுக்கு மெல்ரோய் வந்தபோது நான் பாக்கியலெட்சுமியின் வீட்டில்தான் இருந்தேன். கதிரையின் நுனியில் இருந்து, கேள்விகள் ஏற்றிய டப்லெட்டைத் திறந்தான்.

"அக்கா, மகள் இரவில எத்தனை தரம் எழும்புறா?"

"எந்திரிக்கிறதில்லங்க தம்பி."

"முட்டு வாறதா?"

"இல்லங்க. அங்க மருந்தே தேவப்படலன்னு அண்ணன் சொன்னாரு."

அவன் முகம் மலர்ந்தது. "அப்ப நல்ல முன்னேற்றம்."

"டேய், பிள்ளை இஞ்ச இல்லையடா" என்றேன்.

"தெரியும் அன்ரி. பிள்ளை எங்க இருக்கிறா எண்டு இதில கேள்வி இல்ல." திரையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினான். எங்கள் லேனில் ஒரு பிள்ளை குணமாகிவிட்டது. "உங்களுக்கு எப்பிடி அக்கா? நித்திரை வருதா?"

கேட்கிறவனுக்கு உண்மையாகப் பதில் சொல்லவேண்டும் என்று நினைக்கிற சாதி அவள்.

"வரலங்க தம்பி. வீடு சத்தமே இல்லாம இருக்குங்க. எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துக்கிறேன்."

"சத்தம் இல்லாட்டி நல்லதுதானே அக்கா" என்று சொல்லிவிட்டு, அவன் அடுத்த கேள்விக்குப் போனான்.