கீழ் அடுக்கில் கடகடத்தது

விளையாட வருகிறவன் தன் பைக்கை எங்கள் கேட்டுக்கு நேராக நிறுத்தினால் எனக்கு அப்போதே பத்திக்கொண்டு வரும். இவன் மூணு வருஷமாக அப்படித்தான் நிறுத்தினான். கேட்டால், மெட்ரோவுக்கு மயிலாப்பூரையே தோண்டிப் போட்டிருக்கிறார்கள், வேறு எங்கே நிறுத்துவது என்பான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்களோடு விளையாட வருகிற டீச்சர் பட்டினப்பாக்கத்திலிருந்து வேகாத வெயிலில் நடந்து வந்து, அந்த பைக்குக்கும் சுவருக்கும் நடுவில் புடவையை ஒடுக்கிக்கொண்டு நுழைவார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவருக்கும் சேர்த்து நான் சுளித்தேன்.

இவன் என்னோடு கல்லூரியில் படித்தவன். தி.நகரில் குடும்ப ஜவுளிக்கடை. அதில் உட்காரப் பிடிக்காமல் தரமணியில் ஒரு கம்பெனியில் டீம் லீடாக இருக்கிறான். அந்த டீமை நினைத்தால் பாவமாக இருக்கும்.

எங்கள் விளையாட்டைப் பற்றிச் சொன்னால், இந்த வயசில் இதெல்லாமா என்று பார்ப்பார்கள். பார்க்கட்டும். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாயாலேயே ஒரு கதையை நடத்துவோம். ஊர், காடு, கடல், வழியில் வரும் பேய், பிசாசு, ராஜா எல்லாம் என் பொறுப்பு. மற்றவர்களுக்குக் கதைக்குள் ஆளுக்கொரு ஆள். அந்த ஆள் என்ன செய்யப் போகிறான் என்று அவர்கள் சொல்வார்கள். அது பலிக்குமா என்பதை இருபது முகம் உள்ள டைஸை உருட்டித் தெரிந்துகொள்வோம். பெரிய எண் விழுந்தால் நல்லது. சின்ன எண் விழுந்தால் என்னிடம் மாட்டினார்கள்.

இவனுடைய ஆள் வாள்வீரன், வேறென்ன. எதிர் ஃப்ளாட் மாமா மந்திரவாதி. அவர் ஆத்தில் டிவி சத்தம் தாங்காமல்தான் முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தார், அப்புறம் எங்களைவிட மும்முரமாகிவிட்டார். டீச்சருடைய ஆள் வைத்தியம் தெரிந்த ஒரு படகுக்காரி. சின்ன வயசில் புயலில் ஊரை விட்டு வந்தவள், என்றைக்காவது தன் படகிலேயே சொந்தக் கரைக்குத் திரும்ப வேண்டும் என்று இருக்கிறவள். மூணு வருஷமாக மற்றவர்களின் காயத்துக்கு மருந்து போட்டே அவள் பொழுது போனது. அவள் கரையைப் பற்றி டீச்சர் பேச ஆரம்பித்தாலே இவன் ஃபோனை எடுத்துவிடுவான்.

அந்த எரிச்சலில்தான் நான் அந்தத் தூக்கைக் கதைக்குள் கொண்டுவந்தேன். பாண்டி பஜார் பக்கம் ஒரு பாத்திரக்கடையில் ரெண்டு அடுக்கு உள்ள குட்டி எவர்சில்வர் தூக்கு ஒன்று வாங்கி மேஜை நடுவில் வைத்தேன். கதைக்குள் அது மாயத் தூக்கு. எந்த விளையாட்டுப் புத்தகத்திலும் கிடையாது, என் சொந்தச் சரக்கு. சுமக்கிறவள் படகுக்காரி. மேல் அடுக்கு மாமாவுக்கு, கீழ் அடுக்கு இவனுக்கு. தங்கள் ஆளின் உயிர்ச்சக்தியில் கொஞ்சத்தை அதில் அவர்கள் மூடி வைக்க வேண்டும். அதற்கு அடையாளமாக, தாங்கள் ஆசையாக உருட்டும் டைஸை நிஜமாகவே உள்ளே போட்டுவிட வேண்டும். அது வெளியே வரும்வரைக்கும் என்னிடம் இருக்கிற முனை மழுங்கின பழைய டைஸில்தான் உருட்டலாம். யாராவது சாகக் கிடந்தால் அடுக்கைத் திறக்கலாம். உள்ளே டைஸ் இருந்தால் உயிர் வரும். நடுவில் சும்மா திறந்து பார்த்தால் சக்தி போய்விடும், அதனால் யாரும் திறக்கக் கூடாது. அடுத்தவருக்காக நாம் எதையாவது விட்டுக்கொடுத்தால்தான் வேலை செய்கிற சாமான் ஒன்றாவது இந்த மேஜையில் இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

மாமா உடனே தன் நீல டைஸைப் போட்டார். இவன் ஒரு மாதிரி இளித்தான். தன்னுடைய சிவப்பு டைஸ் ராசியானது என்றான். டீச்சர் தூக்கை இரண்டு கையாலும் நீட்டினார். இவன் வாங்கிக்கொண்டு, சோபா பக்கம் திரும்பி, எதையோ போட்டு மூடினான். காதருகே வைத்துக் குலுக்கினான். கடகடவென்றது.

"இருக்குது மச்சி, நல்லாக் கேட்டுக்கோ," என்றான்.

அடுத்த வாரம் அதே மாதிரி சிவப்பு டைஸ் ஒன்றை உருட்டினான். என் மழுங்கின டைஸில்தானே உருட்டணும், இது எப்படி வந்தது என்றேன். இது வேற, புதுசா வாங்கினேன், ராசியானது உள்ளதான் இருக்கு என்று மறுபடியும் தூக்கை எடுத்துக் குலுக்கினான். மூணு மாசம் இதே கூத்து. வாராவாரம் டீச்சர் காதருகே கொண்டுபோய்க் குலுக்குவான், அவர் நம்பிச் சிரிப்பார். எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ஆனால் திறந்தால் சக்தி போய்விடும் என்று சட்டம் போட்டவளே நான்தானே.

அப்புறம் டீச்சருக்குத் தூத்துக்குடியில் வேலை கிடைத்தது. அவர் வருகிற கடைசி ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வந்தது. கேக் வேண்டாம், பரிசு வேண்டாம், என் படகுக்காரி அவள் கரையில் இறங்க வேண்டும், அது போதும் என்று எனக்கு மெசேஜ் அனுப்பியிருந்தார். சும்மா இறக்கிவிடாதீங்க, நியாயமா இறங்கணும் என்றும் எழுதியிருந்தார்.

அன்றைக்கு மேஜையில் வழக்கம்போல வறுத்த பட்டாணி. கதையில் கரை கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. மாமாவின் மந்திரவாதி தண்ணீரில் குதித்து நீந்திப் போய், கரையில் படகுக்கு வழிகாட்டத் தீ மூட்டிக்கொண்டிருந்தான். படகில் மற்ற இரண்டு பேர். அடியிலிருந்து கடல் பூதம் எழுந்தது. முதலில் விழுந்தது இவனுடைய வாள்வீரன். டீச்சர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. மேல் அடுக்கைத் திறந்தார், மாமாவின் நீல டைஸ் இருந்தது, இவன் ஆள் எழுந்துகொண்டான். ஒரு தேங்க்ஸ் கிடையாது. அடுத்த அடியில் படகுக்காரி விழுந்தாள்.

டீச்சர் பதறவில்லை. இன்னொரு அடுக்குதான் இருக்கிறதே. மூடியைத் திறந்தார்.

உள்ளே ஒரு பட்டாணி இருந்தது. மூணு மாசத்துக்கு முந்தின வறுத்த பட்டாணி.

மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். இத்தனை நாளா பட்டாணியைக் குலுக்கிண்டு இருந்திருக்கான், பாத்தேளா என்றார், சிரிப்பே இல்லாமல். இவனோ தோளைக் குலுக்கினான். கேம்தானே, டைஸ் உள்ளே இருந்தது என்று நீ சொல்லிவிட்டால் முடிந்தது, நீதானே நடத்துகிறாய் என்று எனக்கே யோசனை சொன்னான். சொல்லியிருப்பேன், சத்தியமாக, டீச்சருக்காக. டீச்சர்தான் தலையை ஆட்டினார். போடாததைப் போட்டதாகச் சொல்லி அவள் எழுந்திருக்க வேண்டாம் என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் தூக்கை இவன் பக்கம் தள்ளினேன்.

"இப்பவும் போடலாம்டா. சட்டத்துல இடம் இருக்கு. அந்தச் சிவப்பு டைஸை இப்போ உள்ள போடு. உன் முறை போயிடும், பூதம் உன்னை அடிக்கும், ஒருவேளை உன் ஆள் செத்துடுவான். அவங்க கரைக்குப் போயிடுவாங்க."

டைஸை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தான். டீச்சரைப் பார்க்கவில்லை, தூக்கைப் பார்க்கவில்லை. மூணு வருஷமா வளர்த்த ஆளு மச்சி என்று முனகினான். அப்புறம், நான் பூதத்தை அடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு உருட்டினான். பத்தொன்பது. பூதம் செத்தது. கையை உயர்த்தி, தட்டச் சொல்லி எங்களிடம் நீட்டினான். அந்தக் கை அப்படியே அந்தரத்தில் நின்று, தானாக இறங்கியது. சொரணை கெட்ட ஜென்மம்.

படகுக்காரிக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு இருந்தது. பத்துக்கு மேல் விழுந்தால் பிழைப்பாள். டீச்சர் உருட்டினார். நாலு.

கரையில் தீ எரிகிறது, படகு ஒதுங்குகிறது, அவள் அதில் படுத்திருக்கிறாள் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். என் வாயால் சொன்ன கதைகளிலேயே நான் வெறுக்கிறது அதைத்தான். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் பட்டாணியைத் திரும்ப அடுக்கில் போட்டு, மூடி, கொக்கியை மாட்டினார். அப்புறம் இவனிடம் திரும்பினார். எங்கள் எல்லாரையும்விடச் சின்னக் குரல் அவருக்கு.

"உங்களை எழுப்பினதுக்கு எனக்கு வருத்தம் இல்லைங்க. மறுபடியும் எழுப்புவேன். வாராவாரம் என் காதுகிட்ட வந்து குலுக்கிக் காட்டினீங்களே, அதுதான் தாங்கல."

பையை எடுத்துக்கொண்டு, எனக்கும் மாமாவுக்கும் கை கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். கேட்டில் அந்த பைக்கைத் தாண்டி ஒடுங்கிப் போவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். இவன் தட்டில் மிச்சமிருந்த பட்டாணியைத் தின்றுகொண்டிருந்தான்.

அந்த வாரமே இவனிடமிருந்து மெசேஜ் வந்தது. மச்சி, அடுத்த சண்டே எத்தனை மணிக்கு, டீச்சர் இடத்துக்கு எங்க டீம்ல ஒரு பையன் இருக்கான், கூட்டிட்டு வரவா என்று கேட்டிருந்தான்.

திட்டித் திட்டி டைப் அடித்து, எல்லாவற்றையும் அழித்தேன். கடைசியில் அலமாரியிலிருந்து தூக்கை எடுத்து வந்தேன். வாய்ஸ் மெசேஜ் பட்டனை அழுத்திக்கொண்டு, ஃபோனுக்குப் பக்கத்தில் வைத்து நன்றாகக் குலுக்கினேன். அதை மட்டும் அனுப்பினேன்.

கேட்டுவிட்டான், நீல டிக் விழுந்தது. அப்புறம் எங்கள் கேட்டுக்கு முன்னால் அந்த பைக் நிற்கவில்லை.